கூட்டல்-கழித்தல் குறிக்குப் பின்னால் இருக்கும் எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான, 'நான்காவது நியூட்ரினோ இல்லை என்று நிரூபணம்' என்ற செய்தியைப் படித்தேன். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் நடந்த மைக்ரோபூன் சோதனையின் முடிவைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டுவந்ததற்கு முதலில் நன்றி. செய்தியில் இருந்த பெயர்களும் ஆண்டுகளும் சரியானவையே. ஆயினும், அந்தச் சோதனை எதை மறுத்தது, எதை மறுக்கவில்லை என்ற வேறுபாடு தலைப்பிலேயே கரைந்துபோய்விட்டது. இத்தகைய சோதனைகளின் உயிர்நாடியான பின்னணிக் கணிப்பும் முறையான பிழையும் செய்தியில் ஓரிடத்திலும் தலைகாட்டாததே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். கல்லூரி ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளாக மாணவர்களின் பதிவேடுகளில் இந்த இரண்டையும் தேடித் தேடிக் கிடைக்காமல், அந்த இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டு வந்தவன் என்ற முறையில், சற்று நீளமாகவே எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மின்சுமையற்ற, மிக அரிதாகவே வினைபுரியும் நுண்துகள்களான நியூட்ரினோக்களில் எலக்ட்ரான், மியூவான், டாவ் என்று மூன்று வகைகள் உள்ளன. ஒரு வகையாகப் புறப்படும் நியூட்ரினோ, போகும் வழியில் இன்னொரு வகையாக மாறியிருக்கக்கூடும். இதைத்தான் நியூட்ரினோ அலைவு என்கிறோம். மூன்று வகைகளுக்கு அப்பால் நான்காவதாக ஒன்று, பருப்பொருளோடு சற்றும் வினைபுரியாததாக இருக்கலாம் என்ற ஐயத்தைக் கிளப்பியது, அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் 1993 முதல் 1998 வரை நடந்த எல்.எஸ்.என்.டி. சோதனை. அது கண்ட மிகை நிகழ்வுகளின் எண்ணிக்கை 87.9 ± 22.4 ± 6.0 என்று வெளியிடப்பட்டது. இந்த வரியைச் சற்று நின்று படிக்க வேண்டும். 87.9 நிகழ்வுகளை எவரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு நிகழ்வில் பத்தில் ஒன்பது பங்கு நடப்பதென்பது கிடையாது. மொத்தமாகக் கருவி பதிவு செய்ததிலிருந்து, 'நியூட்ரினோ அலைவு இல்லாவிட்டாலும் இவ்வளவு பதிவாகியிருக்கும்' என்று கணித்த தொகையைக் கழித்தபின் மிஞ்சியதே அந்த எண். கழிக்கப்படும் தொகைக்குப் பெயர்தான் பின்னணி. தசமப் புள்ளி வந்த வழி அது.

எண்ணெய்க் கடைக்காரர் முதலில் வெறும் டின்னை நிறுத்து, அந்த எடையைக் கழித்துக்கொண்டுதான் எண்ணெயின் எடையைச் சொல்வார். பின்னணி என்பது டின்னின் எடை. முறையான பிழை என்பது எடைக்கல்லில் இருக்கும் கோளாறு. கல் தேய்ந்திருந்தால் பத்து முறை நிறுத்தாலும் பத்து முறையும் ஒரே பக்கமாகத்தான் தவறு வரும்; சராசரி எடுத்துப் பயனில்லை. முள் ஆடுவதால் வரும் சிறு வேறுபாடுகள் அப்படியல்ல. அவை இரு பக்கமும் சிதறுவதால், பலமுறை நிறுத்துச் சராசரி எடுத்தால் குறைந்துவிடும். எல்.எஸ்.என்.டி. எண்ணில் முதல் ± குறிக்குப் பின்னால் இருக்கும் 22.4 இந்த இரண்டாவது வகை, அதாவது புள்ளியியல் பிழை. அடுத்து வரும் 6.0 எடைக்கல்லின் பிழை. (நம் பாடநூல்கள் இதற்கு வழங்கும் 'முறையான பிழை' என்ற பெயர், ஏதோ முறைப்படி அனுமதி வாங்கிச் செய்த பிழைபோல ஒலிப்பதை மாணவர்கள் ஆண்டுதோறும் சுட்டிக்காட்டிச் சிரிப்பார்கள். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.)

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்டு ஆய்வகத்தில் கார்மென் என்ற சோதனையும் இதே மாற்றத்தைத் தேடியது. அங்கே பதிவானவை 15 நிகழ்வுகள். எதிர்பார்த்த பின்னணி 15.8 ± 0.5. ஆகவே மிகை என்று சொல்ல எதுவுமில்லை. '15 நியூட்ரினோ நிகழ்வுகள் கண்டுபிடிப்பு' என்று யாரேனும் செய்தி எழுதியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்காது. ஆனால் ஒன்றையும் சொன்னதாகவும் இருந்திருக்காது.

இந்த முரணைத் தீர்ப்பதற்காகவே ஃபெர்மி ஆய்வகத்தில் மினிபூன் சோதனை 2002-இல் தொடங்கியது. பின்னணிக் கணிப்பு என்பது எவ்வளவு உழைப்பைக் கேட்கும் வேலை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பெரிலியத் துண்டின்மீது புரோட்டான்களை மோதவிட்டு, அதில் தோன்றும் பையான்கள் என்னும் குறுவாழ்வுத் துகள்கள் சிதைவதால் மியூவான்-நியூட்ரினோக் கற்றை ஒன்றை உண்டாக்குகிறார்கள். ஏறத்தாழ அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் 800 டன் கனிம எண்ணெய் நிரம்பிய கோளத் தொட்டி இருக்கிறது. தொட்டிக்குள் எலக்ட்ரான்-நியூட்ரினோ வினைபுரிந்தால் ஓர் எலக்ட்ரான் தோன்றி, அதன் ஒளி தொட்டியின் சுவரில் வளையமாக விழும். அந்த வளையங்களை எண்ண வேண்டும். அவ்வளவுதான் என்று தோன்றும்.

ஆனால் அதே போன்ற வளையத்தை வேறு பலவும் தருகின்றன. கற்றையிலேயே, அலைவு ஏதுமின்றி, தொடக்கத்திலிருந்தே சிறிதளவு எலக்ட்ரான்-நியூட்ரினோக்கள் கலந்திருக்கின்றன. மியூவான்கள், கேயான்கள் என்னும் வேறு குறுவாழ்வுத் துகள்களும் சிதையும்போது அவை வந்து சேர்கின்றன. எந்தக் கழித்தலாலும் அவற்றைத் தனித்தனியாக அடையாளம் காட்ட முடியாது. அடுத்து, மின்சுமையற்ற பையான். அது தோன்றிய கணத்திலேயே இரண்டு காமாக் கதிர்களாகச் சிதைந்துவிடும். இரண்டும் தனித்தனி வளையங்களாகத் தெரிந்தால் சிக்கலில்லை. ஒன்று தொட்டியை விட்டு வெளியேறிவிட்டாலோ, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலோ மிஞ்சுவது ஒற்றை வளையம், அதுவும் எலக்ட்ரானின் வளையத்தை அப்படியே ஒத்தது. தொட்டிக்கு வெளியே மண்ணில் வினைபுரிந்த நியூட்ரினோக்களின் காமாக் கதிர்களும் உள்ளே நுழைகின்றன. டெல்டா என்னும் துகள் அரிதாக ஒற்றைக் காமாக் கதிரை உமிழ்ந்து சிதைவதும் உண்டு.

இவை ஒவ்வொன்றையும் அந்தக் குழுவினர் கையாண்ட விதம்தான் செய்தியில் வந்திருக்க வேண்டியது. பையான் பின்னணியைக் கணினி மாதிரியிடம் மட்டும் விட்டுவிடாமல், இரண்டு வளையங்களும் தெளிவாகத் தெரிந்த நிகழ்வுகளை அதே தொட்டியில் எண்ணி, அதிலிருந்து ஒரு வளையம் தொலைந்துபோகும் நிகழ்வுகள் எத்தனை இருக்கும் என்று கணித்தார்கள். மண்ணிலிருந்து வருபவை தொட்டியின் ஓரத்தில் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பதால், நிகழ்வுகள் தொட்டியின் எந்தப் பகுதியில் விழுகின்றன என்பதைக் கொண்டு அவற்றின் அளவைச் சரிபார்த்தார்கள். பெரிலியத்தில் புரோட்டான் மோதினால் எத்தனை பையான்கள் எந்தத் திசையில் வரும் என்பதை, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் ஹார்ப் என்ற தனிச் சோதனை அளந்து கொடுத்தது. நியூட்ரினோவையே தொடாத ஒரு சோதனை, நியூட்ரினோச் சோதனையின் எடைக்கல்லைச் செப்பம் செய்து தருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் முடியும்வரை, முக்கியமான நிகழ்வுகள் அடங்கிய தரவை ஆய்வாளர்கள் தங்களிடமிருந்தே மறைத்து வைத்தார்கள். விடையைப் பார்த்துவிட்டால், தங்களை அறியாமலேயே பின்னணியை விடைக்கு ஏற்றபடி வளைத்துவிடுவோம் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

மறைத்து வைத்திருந்த தரவை 2007 ஏப்ரலில் திறந்து பார்த்தபோது, எதிர்பார்த்த ஆற்றல் நெடுக்கத்தில் 380 நிகழ்வுகள் இருந்தன. பின்னணிக் கணிப்பு 358 ± 19 ± 35. மிகை இல்லை. ஆனால் அதற்குக் கீழே, 475 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் குறைவான ஆற்றலில், யாரும் எதிர்பாராத ஒரு மிகை தலைதூக்கியது. பையான் முதலான பின்னணிகள் மிகுதியாகக் கூடும் இடமும் அதுவே என்பதால், அன்றே ஐயம் எழுந்தது. தொடர்ந்து 2019 வரை தரவு சேர்த்தார்கள். இறுதியில் வெளியிட்ட மொத்த மிகை 638.0 ± 52.1 ± 122.2.

இந்த மூன்று எண்களையும் மாணவனிடம் கொடுத்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, இரண்டு பிழைகளில் எது பெரியது என்பதுதான். புள்ளியியல் பிழை 52.1, முறையான பிழை அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 132.8 வரும். 638-ஐ அதனால் வகுத்தால் 4.8. நாளிதழ்களில் '4.8 சிக்மா' என்று வந்த எண் இதுதான்; மிகை, மொத்தப் பிழையைப் போல எத்தனை மடங்கு என்பதையே சிக்மா சொல்கிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இத்துறையில் 5 சிக்மா வேண்டும் என்பது வழக்கம். முறையான பிழையை மறந்துவிட்டு 638-ஐ 52.1-ஆல் மட்டும் வகுத்திருந்தால் 12 சிக்மாவுக்கு மேல் வந்திருக்கும்; உலகமே கொண்டாடியிருக்கும். 'இன்னும் சில ஆண்டுகள் ஓட்டியிருந்தால் தெளிவு பிறந்திருக்குமே' என்று கேட்பவர்களுக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. ஓட்டினால் 52.1-இன் பங்கு சுருங்கியிருக்கும், 122.2-இன் பங்கு அசைந்திருக்காது. 17 ஆண்டுகளுக்குப் பிறகு மினிபூன் நின்றதும், வேறு வகைக் கருவி ஒன்று தேவைப்பட்டதும் இதனால்தான்.

மைக்ரோபூன் அந்த வேறு வகைக் கருவி. 170 டன் திரவ ஆர்கானில் துகள்கள் விட்டுச்செல்லும் தடங்களை அது படம்போல எடுத்துக் காட்டும். காமாக் கதிர் தோன்றிய இடத்துக்கும் அது தடம் பதிக்கத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். எலக்ட்ரானுக்கு அந்த இடைவெளி இருக்காது. மினிபூனால் பிரிக்க முடியாததை இங்கே பிரிக்கலாம். 2021-இல் வந்த முதல் முடிவுகளில், மினிபூன் மிகையை விளக்கும் அளவுக்கு எலக்ட்ரான் நிகழ்வுகளும் கூடுதலாக இல்லை. டெல்டா சிதைவிலிருந்து வரும் ஒற்றைக் காமாக் கதிர்களும் கூடுதலாக இல்லை. 2025 டிசம்பரில் வெளியான, தங்கள் செய்திக்கு அடிப்படையான ஆய்வு, இரண்டு வெவ்வேறு நியூட்ரினோக் கற்றைகளைப் பயன்படுத்தி, 'ஒரேயொரு நான்காவது நியூட்ரினோ' என்ற விளக்கத்தை 95 சதவீத நம்பிக்கை அளவில் விலக்குகிறது. இரண்டு கற்றைகள் எதற்கு என்றால், அந்த விளக்கத்தின்படி எலக்ட்ரான்-நியூட்ரினோக்கள் தோன்றவும் செய்யும், மறையவும் செய்யும். ஒரே கற்றையில் இவை ஒன்றையொன்று ஈடுசெய்து மிகையையே மறைத்துவிடக்கூடும். எலக்ட்ரான்-நியூட்ரினோக் கலப்பு வேறுபட்ட இரண்டாவது கற்றையில் அந்த ஈடு அப்படியே பொருந்தாது. ஆக, விலக்கப்பட்டது ஒரு விளக்கம். மினிபூனின் 638 இன்னும் விளக்கப்படாமலேயே நிற்கிறது. 'நிரூபணம்' என்ற சொல்லை இங்கே பயன்படுத்தியிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

முறையான பிழையை வெல்லவே முடியாதோ என்று வாசகர்கள் மலைக்க வேண்டாம். சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் நடந்த தாயா பே சோதனையை நான் வகுப்பில் எப்போதும் எடுத்துச் சொல்வதுண்டு. அங்கே ஆறு அணுவுலைகள் எதிர்-நியூட்ரினோக்களை, அதாவது நியூட்ரினோவின் எதிர்த்துகள்களை, உமிழ்கின்றன. எத்தனை உமிழ்கின்றன என்பதைத் துல்லியமாகக் கணிப்பது மிகக் கடினம். ஆகவே அவர்கள் அந்த எண்ணைச் சார்ந்திருப்பதையே தவிர்த்தார்கள். ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற உணர்கருவிகளைச் செய்து, சிலவற்றை உலைகளுக்கு அருகிலும் மற்றவற்றைத் தொலைவிலும் வைத்து, இரண்டு எண்ணிக்கைகளின் விகிதத்தை மட்டும் எடுத்தார்கள். எடைக்கல் தேய்ந்திருந்தாலும், இரண்டு பொருள்களையும் அதே கல்லால் நிறுத்தால், எது எத்தனை மடங்கு என்பது சரியாகவே வரும் அல்லவா? கருவிக்குக் கருவி உள்ள வேறுபாட்டால் வரும் பிழை 0.2 சதவீதத்துக்குள் அடங்கியது. 2012 மார்ச் 8 அன்று அவர்கள் அறிவித்த விகிதம் 0.940 ± 0.011 ± 0.004. ஒன்றுக்குப் பதிலாக 0.94, ஆறு சதவீதம் குறைவு. வெறும் 55 நாள் தரவிலேயே, அதுவரை அளக்கப்படாமல் இருந்த ஒரு கலப்புக் கோணம் (ஒரு வகை இன்னொரு வகையாக மாறும் அளவைத் தீர்மானிக்கும் எண்) 5.2 சிக்மா உறுதியோடு பிடிபட்டது. அங்கே முறையான பிழை, புள்ளியியல் பிழையைவிடச் சிறியதாக இருந்ததைக் கவனியுங்கள். மினிபூனில் நேர்மாறு.

விகிதம் எடுத்தாலும் பின்னணி தானாக நீங்கிவிடாது. எதிர்-நியூட்ரினோ வினைபுரியும்போது முதலில் பாசிட்ரானின் (எலக்ட்ரானின் எதிர்த்துகளின்) ஒளியும், சராசரியாக ஒரு நொடியின் லட்சத்தில் மூன்று பங்கு நேரம் கழித்து, நியூட்ரான் பிடிபடும் ஒளியும் வரும். இந்த இரட்டை மின்னலைத் தேடுவதால் பெரும்பாலான இரைச்சல் விலகிவிடுகிறது. ஆனால் காஸ்மிக் கதிர் மியூவான் ஒன்று கார்பன் அணுக்கருவை உடைத்து லித்தியம்-9 என்ற ஐசோடோப்பை உண்டாக்கினால், அது பீட்டாக் கதிரையும் நியூட்ரானையும் சேர்த்தே உமிழ்ந்து, உண்மையானது போலவே இரட்டை மின்னலைக் காட்டும். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 0.18 நொடி. மியூவான் கடந்த ஒவ்வொரு முறையும் அவ்வளவு நேரம் கருவியைக் கண்மூடச் செய்தால், அது பெரும்பாலும் மூடியே கிடக்கும். எனவே, கடைசி மியூவான் கடந்து எவ்வளவு நேரம் ஆனது என்பதன் பரவலை வரைந்து, அதில் லித்தியத்தின் பங்கைக் கணித்துக் கழித்தார்கள். இன்னொரு பின்னணி எங்கிருந்து வந்தது தெரியுமா? கருவியைச் செப்பம் செய்வதற்காக மேலே வைத்திருந்த அமெரிசியம்-கார்பன் நியூட்ரான் மூலங்களிலிருந்தே வந்தது. அளவுகோலே அளவைக் கெடுத்த கதை. பின்னர், தொலைவுக் கருவிகளிலிருந்து அவற்றில் சிலவற்றை எடுத்துவிட்டார்கள்.

இந்த வகையில் மிக எளிய வழி வாய்த்தது பிரான்சின் டபுள் ஷூ சோதனைக்கு. அங்கே இருந்தவை இரண்டே அணுவுலைகள். இரண்டும் ஒருசேர நின்றிருந்த ஏறத்தாழ ஏழரை நாளில் கருவி பதிவு செய்ததெல்லாம் கிட்டத்தட்ட முழுக்கப் பின்னணிதான். வெறும் டின்னை நிறுத்துப் பார்க்கும் வாய்ப்பு நியூட்ரினோ ஆய்வாளர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

ஜப்பானின் டி2கே போன்ற நெடுந்தொலைவுச் சோதனைகளில் இந்த வசதிகள் பாதிதான் கைகொடுக்கும். டோக்காயில் புறப்படும் கற்றையை 280 மீட்டரில் ஓர் அருகமைக் கருவியும், 295 கிலோமீட்டரில் சூப்பர்-காமியோகாண்டே நீர்த்தொட்டியும் பார்க்கின்றன. இரண்டும் வெவ்வேறு வகைக் கருவிகள் என்பதால் கோளாறுகள் முழுமையாக அடிபடுவதில்லை. நியூட்ரினோ அணுக்கருவுக்குள் மோதும்போது ஆற்றலில் ஒரு பகுதி கண்ணில் படாமலே போய்விடுவதும், அதைக் கணக்கிடும் கோட்பாடுகள் தமக்குள் முரண்படுவதும் இன்றும் தீராத தலைவலி. அப்படியிருந்தும் 2011-இல் அவர்கள் வெளியிட்டது, மியூவான்-நியூட்ரினோ எலக்ட்ரான்-நியூட்ரினோவாக மாறியதாகத் தோன்றிய ஆறு நிகழ்வுகள், எதிர்பார்த்த பின்னணி 1.5 ± 0.3 என்பது. ஆறு என்பது சிறிய எண், 1.5-க்கு எதிரே வைத்தால்தான் அதற்கு எடை வருகிறது. 2013-இல் அது 28 நிகழ்வுகளாகவும், பின்னணி 4.92 ± 0.55 ஆகவும் வளர்ந்தபோது ஐயம் நீங்கியது.

நம் ஊரில் தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் பற்றிய விவாதங்களில் 'எதற்காக மலைக்குள் போக வேண்டும்?' என்ற கேள்வி பலமுறை எழுந்தது. திட்டம் வேண்டுமா என்பது வேறு விவாதம். இங்கே அதற்குள் போகவில்லை. கேள்விக்கான விடை மட்டும் எளிது. தரைமட்டத்தில் நம் உள்ளங்கையை நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு காஸ்மிக் கதிர் மியூவான்கள் கடந்து செல்கின்றன. அந்தப் பின்னணியைக் குறைக்கத்தான் பாறை. கோலார் தங்கவயலில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தைக் காண முடிந்ததும் அதனால்தான். இதைப் பற்றிய செய்திகளில் கதிர்வீச்சு அச்சத்துக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்திருந்தால்கூட, விவாதம் சற்றுத் தெளிவாக நடந்திருக்கும்.

தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. ஃபெர்மி ஆய்வகத்தில் அதே கற்றையில் இப்போது 110 மீட்டரில் எஸ்.பி.என்.டி. கருவியும், 600 மீட்டரில் இக்காரஸ் கருவியும் தரவு சேர்த்துவருகின்றன. இரண்டும் திரவ ஆர்கான் கருவிகள். தாயா பேயில் கண்ட அருகு-தொலைவு உத்தி இங்கும் உண்டு. அவற்றின் முடிவு வரும் நாளில், எத்தனை நிகழ்வுகள் பதிவாயின, பின்னணி எவ்வளவு எதிர்பார்க்கப்பட்டது, அதன் புள்ளியியல் பிழை எவ்வளவு, முறையான பிழை எவ்வளவு என்ற நான்கு எண்களையும் செய்தியின் முதல் பத்தியிலேயே அச்சிட வேண்டுகிறேன். இடம் போதாவிட்டால் துகளின் கற்பனை ஓவியத்தை விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
மதுரை.